சிஸ்டர், கொஞ்சம் தண்ணீர்

சீருடையை முந்தின நாளே துவைத்து இஸ்திரி போட்டாயிற்று. இருந்தாலும் காலையில் எழுந்ததும் குட்டி அதை இன்னொரு தடவை தேய்த்தாள். தேய்க்கிற அளவுக்கு அதில் சுருக்கம் எதுவும் இல்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத வீட்டில் கைக்காவது ஏதாவது வேலை வேண்டுமல்லவா?

பேர்தான் குட்டி. வயது நாற்பதைத் தாண்டிக் காதோரம் நரைத்தாயிற்று. கடைசிப் பெண் என்று அம்மா வைத்த செல்லப் பேர் அது. அம்மா போனபிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட அக்கா ஒருத்திதான் மிச்சம். அவளும் கூப்பிட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

அதற்குக் காரணமான சண்டை, இந்தத் தொடரை விடாமல் படித்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் குட்டி. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "அம்மாவை யார் பாப்பாங்க?" என்று கேட்டே காலம் ஓடிவிட்டது. அம்மா கண்ணை மூடியதும் வீடும் வெறிச்சென்று போயிற்று, கையும் வெறிச்சென்று போயிற்று. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் பயிற்சியில் போய்ச் சேர்ந்தாள். முடித்தால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் வேலை.

அக்கா பொரிந்து தள்ளிவிட்டாள்.

"அம்மாவுக்குச் செஞ்சே, அது கடமை. ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் பீ மூத்திரம் அள்ளப் போறேங்கிறியே, நான் வெளியில தலை காட்ட வேணாமாடி?"

"உன் தலையை நீ காட்டு. என் கையை நான் காட்டிக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து ஒரே ஒரு குறுஞ்செய்தி. 'அத்தான் எங்க பையன் வீட்டுக்குப் போயிருக்கார். வர நாளாகும்.' குட்டி பலமுறை அழைத்துப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்ததே தவிர, எடுக்க ஆளில்லை.

இன்றைக்குப் பயிற்சியில் முக்கியமான நாள். இதுவரை வகுப்பில் ஒரு ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டி, புரட்டி, உடை மாற்றிப் பழகினார்கள். இனி நிஜ மனிதர்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மஞ்சள் கட்டடம் அது. வாதம் வந்து விழுந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள், வயதால் தளர்ந்தவர்கள் எல்லாரையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம். உள்ளே நுழைந்ததும் கிருமிநாசினியும் வேகவைத்த காய்கறியும் கலந்து ஒரு வாசனை வந்தது. சிலருக்குச் சளிக் காய்ச்சல் இருந்ததால் எல்லாருக்கும் முகக்கவசம் கட்டாயம் என்றார்கள். கூந்தலை மறைக்க ஒரு வலைத்தொப்பியும் கொடுத்தார்கள்.

பயிற்சி ஆசிரியை குட்டியைவிடப் பல வயது இளையவள். குரல் மட்டும் தலைமையாசிரியை குரல்.

"அறைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். இங்க இருக்கிறவங்கள்ல யாராவது உங்களுக்குச் சொந்தம்னாலோ தெரிஞ்சவங்கன்னாலோ, உடனே என்கிட்ட சொல்லணும். ரெண்டாவது, இங்க பாத்தது இங்கயே இருக்கணும். வீட்ல, பஸ்ல, ஃபோன்ல, எங்கயும் வாயத் திறக்கக் கூடாது. ஒருத்தர் இங்க இருக்கார்ங்கிறதே அவரோட சொந்த விஷயம். புரிஞ்சுதா?"

"எனக்குத் தெரிஞ்சவங்கன்னு இந்த உலகத்துலயே ரெண்டு பேர்தான் மேடம்" என்றாள் குட்டி.

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. குட்டியும் கூடவே சிரித்து வைத்தாள்.

ஆசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "உங்களுக்கு ஜன்னலோர அறை. அந்த ஐயாவுக்கு வலது பக்கம் வராது. பேச்சும் போயிடுச்சு. 'அப்புறம்'ங்கிற ஒரே வார்த்தைதான் வாயில நிக்குது. ஆமான்னாலும் அதான், இல்லன்னாலும் அதான். ஆனா நாம சொல்றது எல்லாம் அவருக்கு நல்லாப் புரியும். அதனால பேசிக்கிட்டே செய்யுங்க. உங்ககிட்ட அந்தப் பழக்கம்தான் இல்ல. பொம்மைக்கிட்ட பேசாம செஞ்சீங்க, போகட்டும். மனுஷங்ககிட்ட முதல்ல கேக்கணும்."

குட்டிக்கு அது சுருக்கென்று தைத்தது. அம்மாவிடம் அவள் எதையும் கேட்டதில்லை. கிண்ணத்தில் தண்ணீர், தோளில் துண்டு, மளமளவென்று வேலை. கேட்க நேரம் ஏது அப்போது?

கதவைத் தட்டினாள். திரையை இழுத்துவிட்டாள். கையைக் கழுவினாள். வெந்நீரில் மணிக்கட்டை வைத்துச் சூடு பார்த்தாள்.

"வணக்கம் ஐயா. நான் இங்க பயிற்சிக்கு வந்திருக்கேன். இன்னிக்கு உங்களுக்கு உடம்பு துடைச்சு..."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த தலை மெல்லத் திரும்பியது.



அத்தான்.

பாதி முகம் இறங்கியிருந்தது. கன்னம் ஒட்டி, மூன்று நாள் தாடி வெள்ளையாய் முளைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். விசிலை அவர் கழுத்தில் மாட்டியிருந்தது சும்மா அழகுக்குத்தான். அவர் தொண்டையைத் திறந்தால் மைதானத்தின் மறுமுனையில் ஓடுகிற பையன் கல்லாய் நின்றுவிடுவான். ஞாயிறு தவறாமல் வந்து, அம்மாவைப் படுக்கையிலிருந்து அப்படியே அள்ளித் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பார். "அத்தை, ரெடியா? ஒண்ணு... ரெண்டு... தூக்கு!" அம்மாவின் சிரிப்புச் சத்தம் அந்த வீட்டில் கேட்டதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

பையன் வீட்டில் இருக்கிறாராம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள் அக்கா.

"அப்புறம்?" என்றார் அவர். யாரோ ஒரு நர்ஸ் என்று நினைத்துக் கேட்ட குரல். பழைய குரலில் பத்தில் ஒரு பங்கு.

அப்படியே திரும்பிப் போய் ஆசிரியையிடம் சொல்லிவிடலாம். விதிப்படி அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் முகத்தை மூடிக்கொண்டு வந்து அவரைப் பார்த்துவிட்டு, யாரென்று சொல்லாமல் நழுவுவது திருட்டுத்தனமாகப் பட்டது அவளுக்கு. கவசத்தைக் கீழே இறக்கினாள்.

"அத்தான். நான்தான், குட்டி."

அவர் வெறித்துப் பார்த்தார். நல்ல பக்கத்துக் கண் முதலில் கலங்கியது. அப்புறம் இறங்கிப்போன பக்கத்துக் கண்ணும். இடது கை போர்வையைத் தேடிப் பிடித்துக் கழுத்துவரை இழுத்துக்கொண்டது.

"அப்புறம்... அப்புறம்... அப்புறம்!"

அதில் கோபமும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

"நான் இங்க பயிற்சிக்கு வந்தேன். நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது அத்தான். அக்கா சொல்லல." "ஒண்ணு கேக்கறேன். நான் செய்யட்டுமா, இல்ல வேற ஆளை வரச் சொல்லட்டுமா? நான்னா என் கையை அழுத்துங்க. வேற ஆள்னா கதவைக் காட்டுங்க. எதுன்னாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அவர் உடனே எதுவும் செய்யவில்லை. குட்டி துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அவர் இடது கையில் கொடுத்தாள். அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெற்றி, கண், மீசை, கழுத்து. நிதானமாக, ஒரு வேலையை முடிக்கிற மாதிரி. துணியை அவளிடம் நீட்டினார்.

பிறகு கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார்.

தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன வாய் உலர்ந்து போயிற்று. "சரி அத்தான்" என்றாள். அழைப்பு மணியின் பொத்தானை அவர் நல்ல கைக்கு எட்டும்படி வைத்தாள். கவசத்தை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆசிரியை முழுவதையும் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"பாத்த உடனே ஏன் வரல?"

"யாருன்னு சொல்லாம வந்தா மறைஞ்சிருந்து பாத்த மாதிரி ஆயிடும்னு தோணிச்சு மேடம்."

"உங்க மனசு புரியுது. ஆனா அடுத்த தடவை என்கிட்டதான் முதல்ல வரணும்." குரல் கொஞ்சம் இறங்கியது. "வீட்ல உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

"இல்ல மேடம்."

"அப்ப அவங்களா சொல்ற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. கஷ்டம்தான். ஆனா அப்படித்தான்."

குட்டி தலையாட்டினாள். தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் சொல்லிவிடப் போகிறாள்? சொல்ல யார் இருக்கிறார்கள்? இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் அந்தக் கட்டிலில் கிடக்கிறார். இன்னொருத்தி ஃபோனை எடுப்பதில்லை.

ஜன்னலோர அறைக்கு ஓர் ஆண் உதவியாளர் போனார். குண்டாக, தாடி வைத்து, எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருக்கிறவர். அடுத்த அறைக்குத் துணி எடுத்துக்கொண்டு போகும்போது திரைக்குப் பின்னாலிருந்து குட்டிக்குக் குரல் கேட்டது.

"என்ன மாஸ்டர், இன்னிக்கு டிரில் உண்டா? நானும் வயித்தக் குறைக்கணும்!"

"அப்புறம்!"

"அப்புறமா? இப்படித்தான் போன வாரமும் சொன்னீங்க!"

அத்தான் சிரித்தார். அதே சிரிப்பு, கொஞ்சம் கோணியிருந்தது, அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒருவனிடம் உடம்பைக் கொடுத்துவிட்டுச் சிரிக்க முடிகிறது அவரால். மைத்துனி வந்தால் போர்வையை இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. குட்டி சுவரோரம் நின்று கேட்டாள். யாரோ வருகிற சத்தம் கேட்டதும் நடந்துவிட்டாள்.

அவளுக்குக் கொடுத்த புது அறையில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு தையல்காரம்மா. தலையணையை இப்படி வை, அப்படி வை என்று ஓயாமல் விரட்டினாள். அந்த விரட்டல் நல்லதாகப் போயிற்று. விரட்டுகிறவர்கள் முன்னால் அழ முடியாது.

மதியம் ஓய்வறையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகன் தொந்தரவு, மாமியார் தொந்தரவு, புருஷன் குறட்டை என்று பேச்சு ஓடியது.

"நீங்க யார் யாருக்குச் சமைச்சு வச்சிட்டு வந்தீங்கக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இதோ, இந்த டப்பாவுக்குத்தான்" என்று குட்டி தன் டப்பாவைக் காட்டினாள். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். இந்த வகுப்பில் அவளுக்கு நகைச்சுவைக்காரி என்று பேராகிவிட்டது.

பார்வையாளர் நேரம் பிற்பகலில். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கூடியது. குட்டி அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். எதிரே வந்த நடை தெரிந்த நடை. வலது தோளை ஒரு பக்கம் சாய்த்து, பையைக் கக்கத்தில் இடுக்கி, யாரையும் பார்க்காமல் வேகமாக வருகிற நடை.

வண்டியைச் சுவரோரம் ஒதுக்கிக் குனிந்துகொண்டாள். அக்கா கடந்து போனாள். உடம்பு பாதியாய்ப் போயிருந்தது. வெளியே போகும்போது மடிப்புக் கலையாத புடவை இல்லாமல் படி இறங்காதவள், இன்றைக்குக் கசங்கியதை அப்படியே கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஜன்னலோர அறைக் கதவு பாதி திறந்திருந்தது. "பையன் பேசினான். டிக்கெட் கிடைக்கலையாம். அடுத்த மாசம் பாக்கலாம்னான். நான் ஒண்ணும் சொல்லல" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "தலை வாரட்டுமா? இங்க பாருங்க. என்னைப் பாருங்களேன். ஏன் இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கீங்க? என்ன ஆச்சு?"

"அப்புறம்" என்றார் அத்தான். "அப்புறம், அப்புறம்."

"அப்புறம்னா என்னன்னு நான் புரிஞ்சுக்க?" அக்காவின் குரல் உடைந்தது.

அவர் எதைச் சொல்ல வருகிறார் என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஒருத்தி கதவுக்கு இந்தப் பக்கம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு முழுதும் திறந்தது. அக்கா காலிக் கூஜாவுடன் வந்தாள். கண்கள் தரையில் இருந்தன. எதிரே நின்ற சீருடையை மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும்.

"சிஸ்டர், கொஞ்சம் தண்ணி கொண்டுவந்து தர்றீங்களா?"

சிஸ்டர்! பிறந்ததிலிருந்து ஒருநாளும் வராத மரியாதை. குட்டி கூஜாவை வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் பிடித்தாள், மூடினாள், கொண்டுவந்து கொடுத்தாள். கூஜாவை வாங்கும்போது அக்காவின் விரல் அவள் விரல்மேல் பட்டது. பட்ட விரல் சட்டென்று விலகவில்லை. ஒரு கணம் அப்படியே இருந்தது. அல்லது குட்டிக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ.

பிறகு கதவு சாத்திக்கொண்டது.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் கூடத்துச் சுவரில் இருந்தது. சீருடையை ஊறவைத்தாள். தேநீர் போட்டாள். குடிக்கவில்லை. அம்மாவின் கட்டில் கிடந்த இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு வைக்கலாம் என்று பலமுறை நினைத்தும் போட்டதில்லை. இன்றைக்குப் போட்டாள். போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

ஃபோன் அடித்தது. அக்கா.

"குட்டி... நல்லா இருக்கியா?"

"இருக்கேன்க்கா. நீ?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன்." எப்போதும் போல நிமிர்ந்த குரல்தான். ஆனால் அடியில் எங்கேயோ விரிசல் கேட்டது. "அத்தானும் பையன் வீட்ல நல்லா இருக்கார். பேத்தியோட ஒரே விளையாட்டாம்."

"சரிக்கா."

"உன்னை ஒண்ணு கேக்கணும்னு எடுத்தேன். எங்க பக்கத்து வீட்டுக்காரர், பாவம், வாதம் வந்து விழுந்துட்டார். வலது பக்கம் வரல. வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்னு அவர் சம்சாரம் யோசிக்கிறா. ஒத்தைப் பொம்பளை. கட்டில்ல அவரை எப்படித் திருப்பிப் படுக்க வைக்கிறது? நீதான் படிக்கிறியே, சொல்லேன். அவகிட்ட சொல்றேன்."

குட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எழுதிக்கிறியா?"

"சொல்லு, மனசுல ஏறும்."

சொன்னாள். வராத கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் நழுவிவிடும். முழங்காலை மடித்து, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, உருட்டுகிற மாதிரித் தன் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. சட்டை மாட்டும்போது வராத கைக்கு முதலில். குதிகாலில் சிவப்பு தெரிகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

அக்கா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். நடுவில் ஒரு "ம்" வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

"அழறியாக்கா?"

"ஜலதோஷம்டி." பிறகு கேட்டாள். "உன்னை... உன்னைப் பயிற்சிக்கு எங்க போட்டிருக்காங்க?"

குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளே இருக்கிறவர்களைப் பற்றித்தான் பேசக்கூடாது. தான் எங்கே போகிறாள் என்பது தன் விஷயம். பொய் சொல்லவும் செய்யலாம். வேறு ஏதாவது ஒரு தெருவைச் சொல்லிவிடலாம். அக்கா கேட்ட விதத்தில் கேள்வியா பயமா என்று தெரியவில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னாடிக்கா" என்றாள் மெதுவாக. "மஞ்சக் கட்டடம்."

மறுமுனையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா வைத்துவிடுவாள் என்று குட்டி காத்திருந்தாள். அக்கா வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை. சுவரிலிருந்த வெயில் மெல்ல வடிந்து தரைக்கு வந்தது.

"குட்டி."

"ம்."

"நாளைக்கும் போவியா?"

"போவேன்க்கா."

"காலையில அவருக்கு முதுகு அரிக்கும்" என்றாள் அக்கா. பக்கத்து வீட்டுக்காரர் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. "ரெண்டு தோளுக்கும் நடுவுல. கேக்கத் தெரியாது அவருக்கு. நான் வர்றதுக்கு மத்தியானம் தாண்டிடுது. அது வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டுக் கிடப்பார். நீ... உன் கையால கொஞ்சம்..."

முடிக்காமலே வைத்துவிட்டாள்.

உன் கை வேண்டாம் என்று அவர் கதவைக் காட்டியதைச் சொல்லக் குட்டிக்கு அக்கா நேரம் கொடுக்கவில்லை.